படித்துறைக்கு அடியில்

நல்லாயி ஏரிக்கரையை வரைந்து வரும் யோசனை என்னுடையதுதான். பகலில் அரியலூர்க் கடைத்தெருவில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் பில் போடுகிறேன். சாயங்காலம் செபஸ்டின் சாரிடம் கட்டட வரைபடம் படிக்கிறேன். ஊரில் தெரிந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, முன்பு எப்படி இருந்தது என்று ஒரு தாளிலும் இப்போது எப்படி இருக்கிறது என்று இன்னொரு தாளிலும் போட்டு வரச் சொன்னார். மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டையும் பள்ளிக்கூடத்தையும் எடுத்தார்கள். பெரியப்பா வேலை பார்த்த இடம் என்பதால் நான் ஏரியை எடுத்தேன். சரியான இடத்தைத்தான் எடுத்தேனா என்று முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

பழைய தாள் சுலபமாக வந்தது. கிழக்குக் கரையில் கருங்கல் படித்துறை. அதையொட்டி ஒரு தெரு. அந்தத் தெருக்காரர்கள் மட்டுமே அதில் இறங்கிக் குளிப்பார்கள். எங்கள் தெருவுக்கு ஏரியின் மறுகோடியில் உள்ள கலங்கு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடம் அது. ஏரி நிரம்புவது நின்றபிறகு, அதே வழியாக மார்க்கெட்டுச் சாக்கடை உள்ளே வரத் தொடங்கியது. வடக்கே பஸ் ஸ்டாண்டுக்காக ஒரு துண்டு போனது. மேற்கே கல்யாண மண்டபத்தை இடித்த கப்பியைக் கொட்டி ஒரு துண்டைத் தூர்த்தார்கள். மிச்சமிருந்த தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியது. அதன்மேல் கோழிக் குடலும் குழந்தைகளின் அழுக்கு டயப்பரும் மிதக்கும். பன்றிகள் அதை இழுத்துக் கரையேற்றும்.

இரண்டாவது தாள்தான் பிரச்சினை. கிழக்குக் கரையை மட்டும் அழகுபடுத்தினார்கள். படித்துறையின் மேல்பாதியை மூடித் தளம் போட்டு, பேவர் பிளாக் பதித்து, கம்பி வேலியும் கேட்டும் வைத்தார்கள். நீரூற்று, நீல விளக்கு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்து நடுவில் ஒரு சிவப்பு இதயம். கல் பதித்தவர்களில் என் பெரியப்பா பாவாடையும் ஒருவர். ஒரு கோடை முழுக்க முட்டி போட்டுப் பதித்தார். திறந்த அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கு. நாத்தம் மட்டும் போவல" என்றார்.

நானும் அந்த நாற்றத்தை முகர்ந்தேன். கலங்குப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று நடக்க வருபவர்கள் சொன்னார்கள். நம்பிவிட்டேன். இன்னும் ஒருமுறை யோசித்திருக்கலாம்.

போன மாதம் பெரியப்பா இறந்துபோனார். எங்களில் இறந்தவருக்காக ஒரு கல்லை நட்டு வைத்து, பதினாறாம் நாள் அதை எடுத்து நீரில் விட்டுவிட்டு, கொள்ளி வைத்தவர் தலைமுழுக வேண்டும். எங்கள் தெருக் கருமாதி எல்லாம் கலங்கில்தான் நடக்கும். பெரியப்பா தன் தம்பி ஒருவருக்குக் கல் விட அந்தச் சாக்கடையில் இடுப்பளவு நின்றவர். மேலேறி வந்து வாந்தி எடுத்தாராம். அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார்: "என் கல்ல இங்க போட்றாத வெற்றி. நான் கல்லு பதிச்ச எடத்துல போடு."

வெற்றிச்செல்வி அக்கா திருச்சியில் நர்ஸ். பெரியப்பாவுக்கு மகன் இல்லாததால் அவளே கொள்ளி வைத்தாள். அந்தச் சொல்லை நிறைவேற்றுகிற பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஏரிக்கரைக் கேட்டின் சாவி நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி சாரிடம் இருந்தது. அவர் வீடு படித்துறைக்கு நேர் எதிரே. அக்காவும் நானும் போனோம். வீட்டுக் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார்.

"பாவாடை மவளா? நல்ல வேலைக்காரன்மா அவன்."

"அவருதான் சார் நீங்க நடக்கற கல்லெல்லாம் பதிச்சவரு. அவரு காரியத்த அங்க செய்யணும்."

"நாங்க ஜாதியெல்லாம் பாக்கறதில்லம்மா. இது ஹைஜீன் விஷயம். வயசானவங்க மூச்சு வாங்கி நடக்கற எடம். மாலை, மயிரு, எச்ச எலைன்னு கெடந்தா நல்லாவா இருக்கும்? ஒங்களுக்குன்னு கலங்குல ஷெட்டே போட்டுக் குடுத்திருக்கே."

"அந்த ஷெட்டுல நீங்க நின்னு பாத்திருக்கீங்களா சார்?"

"எனக்கெதுக்கும்மா அது?"

"என்னைக்காச்சும் தேவைப்படுமுல்ல சார்."

உள்ளே யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். அவருடைய மனைவி சம்பூர்ணம் அம்மாள். கிருஷ்ணமூர்த்தி சார் காதுக்குள் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு அக்காவை முதல்முறையாகப் பார்த்தார்.

பொது இடத்துக்கு இவரிடம் ஏன் கேட்கவேண்டும், நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று அக்கா சொன்னபிறகு, மறுநாள் அவரே ஆள் அனுப்பினார். தளத்தில் காரியம் செய்துகொள்ளலாம், ஆனால் யாரும் படியிறங்கித் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

"நாம தொட்டா தண்ணி கெட்டுடுமாம்" என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டாவது தாளை செபஸ்டின் சாரிடம் காட்டினேன். அவர் படித்துறையை ஒட்டிய தெருவின்மேல் பென்சிலை வைத்தார்.

"இந்த வூட்டுத் தண்ணியெல்லாம் எங்கம்மா போவுது? சாக்கடையே காணுமே."

"அந்தத் தெருவுல சாக்கடை இல்ல சார். நல்லா பாத்துட்டேன்."

"சாக்கடை இல்லையா? அப்ப அந்தத் தெருவுல யாரும் குளிக்கறதே இல்லையா?"

வகுப்பு சிரித்தது. எதையோ விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

விடிந்ததும் போனேன். கம்பி வேலியின் ஓரத்தில் ஒருவர் உடம்பைக் குறுக்கி நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது. படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மேலே நின்றால் தெரியாதபடி, தளத்துக்கு அடியில் வரிசையாகக் குழாய்கள். ஒன்று சும்மா இருக்கும்போது இன்னொன்று கக்கும். அது மழைத் தண்ணீராக இருக்கலாம் என்று நினைக்கப் பார்த்தேன். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. சோற்றுப் பருக்கையும் முடிக்கற்றையும் வந்தன. பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாத மஞ்சள் வந்தது. வந்தது எல்லாம் கடைசிப் படியில் நுரையாகத் தேங்கி, கொழுத்து, நீரூற்றின் தண்ணீர் படும்போதெல்லாம் லேசாக அசைந்தது. மேலே யாரோ கை தட்டிக்கொண்டே நடந்துபோனார்கள். உடற்பயிற்சி.

ஏறி வந்து பெரியப்பா பதித்த கல்லின்மேல் வாந்தி எடுத்தேன். பாட்டில் தண்ணீரால் அதைக் கழுவிவிட்டேன். அவர்கள் அழுக்கின்மேல் நின்றுகொண்டு என் அழுக்கைக் கழுவுகிறேனே என்று அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று மதியம் போனேன். குழாய்கள் காய்ந்து கிடந்தன. மறுநாள் விடியலில் போனேன். தெரு விழித்துக் கக்கூஸ் போகிற நேரத்துக்குச் சரியாகக் கக்கின. அதற்குமேல் என்னால் சந்தேகப்பட முடியவில்லை.

கருமாதிக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் சொன்னேன். பெரியசாமி சித்தப்பா, ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டுபவர், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நம்மள தண்ணியத் தொடாதன்னுட்டு அவனுங்க பேண்டு வச்சிருக்கானுங்க பாரு! வுடு வெற்றி. நான் ஒரு டாட்டா ஏஸ் சொல்றேன். திருமழபாடி போயி கொள்ளிடத்துல முழுகிட்டு வந்துடுவோம்."

"அந்த மனுசன் கேட்டது தண்ணிய இல்ல, எடத்த" என்றாள் மலர்க்கொடி பெரியம்மா.

அக்கா என்னிடம் கேட்டாள். "நல்லா பாத்தியா? அந்தத் தலைவரு வூட்டுதும் வருதா?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வருதுக்கா. அவங்க வூட்டுக்கு நேரா இருக்கறது சாம்பல் கலர் கொழாய், மத்ததெல்லாம்…"

"கலரு கேக்கலடி."



காலையில் தளத்தில் படையல் போட்டுச் சாமி கும்பிட்டு முடித்தோம். நடக்க வந்தவர்கள் கம்பியோரம் ஒதுங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார், எங்களைப் பார்த்து. காரியம் செய்து வைத்தவர், தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற பேச்சு தெரியாமல், "கல்ல வுட்டுட்டு முழுவு தாயி" என்றார்.

அக்கா கல்லை ஏந்திக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினாள். நுரை அவள் கால்விரலைத் தொட்டது. பிறகு கல்லோடு திரும்பி ஏறினாள். தளத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கிருஷ்ணமூர்த்தி சார் வீட்டுக் கேட்டின் முன்னால் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

அவர் ஓடி வந்தார். "என்னம்மா இது! கருமாதிக் கல்லோட வூட்டு வாசல்லயா வந்து நிப்பாங்க?"

"தண்ணியில எறங்காதீங்கன்னு நீங்க சொன்னது சரிதான் சார். ஏரியில நிக்கிறது ஒங்க வூட்டுத் தண்ணி. பொறப்படற எடத்துல நல்லாத்தான இருக்கும்? தலைக்கு ஊத்திக்க ரெண்டு கொடம் குடுங்க."

"என்ன தண்ணி? என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று கைக்குட்டைக்காரர் கம்பியோரத்திலிருந்து கேட்டார்.

"குனிஞ்சு பாருங்க சார்" என்றார் சித்தப்பா. "ஒங்களதும் இருக்கும்."

அவர் குனியவில்லை. யாருமே குனியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. குழாய்களைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான். அவர்களுக்கு அது எப்போதோ தெரியும்.

உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் அம்மாள் போட்டிருக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்தி சார் செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை இழுத்து வந்து, மதில்மேல் உயரத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் மேலிருந்து விழுந்தது.

என் பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்து முகத்துக்கு நேரே உயர்ந்தன. சின்ன வயதில் இந்தத் தெருவில் அவள் அப்படித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். குவிந்த கையைக் கண்டதும், பல்லி விழுந்ததைப்போல அவளே அதை உதறினாள்.

"எறக்கிக் குடுங்க சார்" என்றாள் அக்கா.

"இப்படியே காட்டிக்கம்மா, போதும்."

"எறக்கிக் குடுங்க."

அவள் நகரவில்லை. தண்ணீர் வீணாகத் தெருவில் ஓடியது. கடைசியில் சம்பூர்ணம் அம்மாள் வந்து கணவர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, கேட்டைத் திறந்து, அக்காவின் கையில் கொடுத்தார். கொடுத்ததுமே தன் சேலையில் துளி படாமல் பின்வாங்கிக்கொண்டார்.

அக்கா முதலில் தன் கால்விரலைக் கழுவினாள். பிறகு கல்லைக் கழுவினாள். பிறகு அந்த வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்டத் தளத்துக்குத் திரும்பி நடந்து, கல்லைத் தண்ணீரில் விடாமல், காய்ந்த மேல்படியில் வைத்தாள்.

"இங்கயே இரு அப்பா. நல்ல தண்ணி வந்ததும் போயிக்கலாம்" என்றாள். சித்தப்பாவால் அப்போது சிரிக்க முடியவில்லை.

அன்று மதியமே அவள் டியூட்டிக்காகத் திருச்சி பஸ் ஏறினாள். "கல்ல ஒரு பார்வை பாத்துக்க மேகலா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் போனேன். கிருஷ்ணமூர்த்தி சார் வீட்டு வாசலில், அக்கா குளித்த இடம் முழுக்க, பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகப் பரப்பியிருந்தது. தளத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலும் பவுடர். மேல்படியிலும் பவுடர். கல் இல்லை. பவுடரில் துடைப்பம் தள்ளிய கோடு மட்டும் கீழ்நோக்கிப் போயிருந்தது.

கல் கடைசிப் படியில், குழாய்களுக்குக் கீழே, நுரைக்குள் கிடந்தது. அதன் ஒரு முனைதான் தெரிந்தது. அதுதானா, வேறு ஏதாவது கல்லா என்று மறுபடி மறுபடி பார்த்தேன். காரியத்தின்போது மஞ்சள் பூசியிருந்த இடம் தெரிந்தது. அதுதான். மேலே கை தட்டிக்கொண்டு நடந்தவர்கள் என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. யாரையாவது கூப்பிடலாமா, குச்சியால் தள்ளி எடுக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தேன். துடைப்பத்தால் தள்ளியதைக் குச்சியால் எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். படியில் உட்கார்ந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டேன். ஏரித் தண்ணீர் விடியலில் சில்லென்று இருக்கவேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது.