ரிஞ்சின் லாமோவின் மகிழ்ச்சிக்கு எத்தனை மதிப்பெண்

1

இந்தக் கதை ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலை போட்ட பிறகு மக்கள் நலமாக இருக்கிறார்களா என்று கேட்டுவர, பூட்டான் தலைநகர் திம்புவிலிருந்து என்னை ஷெம்காங் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். மேல்கிராமத்துக்கும் சாலையை நீட்டுவதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அறிக்கை கொடுத்தாயிற்று. அதில் சண்டைக்கு இடமில்லை, ஆகவே கதை.

மேகங்கள் தவழும் மலைச்சரிவில், காலத்தை மறந்த ஓர்...

(வேண்டாம். அன்று மழை. என் காலுறைக்குள் அட்டை.)

2

ரிஞ்சின் லாமோ ஆரஞ்சுத் தோட்டக்காரி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மகிழ்ச்சி எவ்வளவு என்று கேட்டேன்.

"நாலு."

மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் நாம்கே நிமிர்ந்தார். "நாலா? போன வருஷம் மூச்சு முட்டினப்ப அந்த ரோட்டுலதானேடி ஆஸ்பத்திரி போன?"

"உயிரோட இருக்கியான்னா கேட்டாரு? முன்னெல்லாம் ஊரே சேந்து மூட்டை தூக்கிட்டு எறங்குவோம். சந்தைக்குப் போறதுக்குள்ள அத்தனை வம்பும் பேசி முடிச்சிருவோம். இப்ப டிரைவர் ஹாரன் அடிக்கிறான், ஏத்துறோம், முடிஞ்சுது."

"சரி, நாலே போடு. மேல ரோடு வராது. அங்க மாசமா இருக்கிற உன் தங்கச்சிய வம்பு பேசிக்கிட்டே தூக்கிட்டு வா."

3

இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவளோ கணவரிடமிருந்து கத்தியைப் பிடுங்கித் தானே நறுக்கத் தொடங்கினாள்.

"அப்ப ஒம்பது போடுங்க சார்."

"தங்கச்சிக்காக மாத்திச் சொல்லக் கூடாதுக்கா. நாலே இருக்கட்டும். உடம்பு, அக்கம்பக்கம்னு தனித்தனியாவும் கேப்பேன். உள்ளதச் சொல்லுங்க."

"அத மொதல்லயே கேட்டிருந்தா இந்தாளு வாயே தொறந்திருக்க மாட்டாரு!"

உடம்புக்கு ஒன்பது. அக்கம்பக்கத்துக்கு மூன்று.*

* அதுவும் பக்கத்து வீட்டு நாய்க்காகப் போட்டது.

4

சாலைக்கு அனுமதி கிடைத்தது. அக்கம்பக்கத்துக்குப் பலரும் குறைவாகவே போட்டிருந்ததால், ஊர் கூடி உட்கார ஓர் இடமும் கட்டச் சொன்னார்கள். தங்கைக்குப் பெண் குழந்தை, சாலை வருவதற்குள்ளேயே, வீட்டிலேயே பிறந்துவிட்டது.

திறப்பு நாளன்று முதல் வண்டியில் நானும் போனேன். பாதி வழியில் வண்டி ஊர்ந்தது. முன்னால் ரிஞ்சின் லாமோவும் பத்துப் பதினைந்து பெண்களும், குழந்தையைப் பார்க்க நெய்யும் முட்டையும் சுமந்து, சாலையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். ஒருத்தியும் ஒதுங்கவில்லை.

"ரோடு எங்களுக்குத்தானேப்பா போட்டாங்க?" என்றாள் ஒருத்தி. ரிஞ்சின் லாமோ என்னைப் பார்த்துவிட்டாள்.

"சார்! உள்ள உக்காந்து என்ன எண்ணுறீங்க? எறங்கி நடங்க!"

நான் நடந்ததாக எழுதினால் கதை இனிக்கும். உட்கார்ந்தே போனதாக எழுதினால் அறிக்கையாகிவிடும். இரண்டையும் எழுதப்போவதில்லை. வாசகரே, கதவின் கைப்பிடி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.