படுக்கையறையில் ஒரு பெட்ரோல் டேங்க்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, வீட்டின் படுக்கையறையில் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்கு இரண்டாவது கோட் சிவப்பு அடிக்கப்பட்டது. மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் அவர் அதைக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்... வேறு எங்கே தொங்கவிடுவது, முன்னறை முழுக்க எஞ்சின் கிடக்கிறது, வாசல் பக்கம் வைத்தால் சாலைத் தூசி, ஈரப் பெயிண்டில் ஒரு துளி தூசி உட்கார்ந்தால் போதும், மறுபடி உப்புத்தாள், மறுபடி தண்ணீர், மறுபடி தோள் வலிக்கத் தேய்ப்பு. இந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதன் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாயிற்று, கட்டிலையும் அலமாரியையும் செய்தித்தாளால் மூடியாயிற்று. ஏன், எதற்கு என்று கேட்க ஆளில்லாத வீட்டில் எதையும் எங்கேயும் வைக்கலாம், சைலன்சர் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, கார்புரேட்டர் பால் பாத்திரத்தில் மண்ணெண்ணெயில் ஊறுகிறது... கம்ப்ரெசரை வாடகைக்குக் கொடுத்த பெயிண்ட் கடைக்காரர்தான் சிரித்தார், “ஃபேன் கொக்கியிலயா சார் தொங்க விட்டீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா பார்த்தா போலீஸுக்குப் போன் போட்டுருவாங்க” என்று. இவரும் சிரித்தார். சிரித்தபோது தொண்டை கரகரத்தது, அன்றைக்கு வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது.

பதினொரு மணி வண்டியில் மனைவி வருகிறாள். மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள், பேரன் இப்போது ஓடுகிறான், பந்து எறிகிறான், போனில் தாத்தா என்று கத்திவிட்டு எங்கோ போய்விடுகிறான்... கோபித்துக்கொண்டு போகவில்லை, சண்டையும் இல்லை, சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். கொஞ்ச நாள் நேராகப் பேசினாள், பிறகு எல்லாம் மகள் வழியாகவே வந்தது, அம்மா கேக்கறாங்க, அம்மா சொல்லச் சொன்னாங்க, அடுப்பை அணைச்சீங்களான்னு அம்மா கேக்கறாங்க. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டுதான் கேட்பாள், அவளுடைய இருமல்கூடக் கேட்கும். போன வாரம் மகள் சொன்னாள், “அப்பா, அம்மா அங்க வர்றாங்க. வந்து பார்த்துட்டு முடிவு பண்றாங்களாம்.” என்ன முடிவு என்று கேட்டார். “உங்க கூட இருக்கறதா, இங்கயே இருந்துடறதான்னு. நான் எதுவும் சொல்லலப்பா, நீங்களாச்சு அம்மாவாச்சு.” வந்து பார்த்துட்டு... எதைப் பார்க்கப் போகிறாள்? வீட்டையா, இவரையா? வீடு கழுவ வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். வாளியை எடுத்தவர் பின்கட்டில் சாக்கு போர்த்தி நின்ற வண்டியைப் பார்த்தார், வாளியை அப்படியே வைத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அது சிவப்பு. அவள் பின்னால் உட்கார்ந்தால் தோளில் கை வைக்க மாட்டாள், சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள், ஆபீஸ் போய்ச் சேரும்போது முதுகில் ஒரு கசங்கல் இருக்கும், கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள், அந்தக் கசங்கலை அவர் நீவிவிட்டதே இல்லை. பதவி உயர்வு வந்த வருஷம் கருப்பு அடித்தார், அதிகாரிக்குச் சிவப்பு எடுப்பாக இருக்காது என்று யாரோ சொன்னது, யார் சொன்னது, யாரும் சொல்லவில்லையோ... வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்றாள். அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது இந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் நாற்காலி வாங்கியது, வேலையை விட்டது, இங்கே குடிவந்தது என்று எல்லாவற்றிலும் அந்த நாலு வார்த்தை கேட்கிறது. டேங்கின் அடி விளிம்பில், கருப்பு எட்டாத ஓரிடத்தில், நகக்கண் அளவுக்குப் பழைய சிவப்பு மிச்சம் இருந்தது. கடைக்காரர் காட்டிய அட்டையில் ஏழெட்டுச் சிவப்புகள், எல்லாமே அதுதான், எதுவுமே அதில்லை... கடைசியில் டேங்கையே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்து ஒப்பிட்டார். பொருந்தியது. அச்சாகப் பொருந்தியது. உள்ளே வருவாள், நேரே படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டுவோம், ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளே பார்க்கட்டும்.

வாசலில் டாக்சி நின்ற சத்தம் கேட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். இளைத்திருந்தாள், முன்னால் முடி நன்றாக வெளுத்திருந்தது, அது அவளுக்கு நன்றாக இருந்தது, சொல்லலாமா... அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள், மேசையில் கிடந்த சைலன்சரைப் பார்த்தாள், சிரிக்கப் போகிறாள் என்று தோன்றியது. அதற்குள் கை மூக்குக்குப் போனது. ஒரு இருமல், இன்னொன்று, பிறகு மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சத்தம்... முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டாள். படியில் இறங்கி நின்றாள்.

“என்ன வாசம் இது?”

“தின்னர்... வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கறேன்.”

“வீட்டுக்குள்ளயா?”

“வெளிய தூசி. பெட்ரூம்ல.”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “எத்தனை நாள் இருக்கும்?”

“ஒரு வாரம் இருக்கும். ஜன்னலைத் திறந்தா சீக்கிரம்...”

“வர வேண்டாம்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க. பெயிண்ட் செலவாவது மிஞ்சியிருக்கும்.”

“அப்படியில்ல. பழைய சிவப்பு... நீ வந்து பாரேன், மூக்கை மூடிக்கிட்டு, ஒரு நிமிஷம்.”

“தங்கச்சி வீட்டுல இருக்கேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டாக்சி ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவே இல்லை, பெட்டியும் வண்டியிலேயே இருந்தது, இதை அவர் அப்போதுதான் கவனித்தார்... வாசம் வருவதற்கு முன்பே நிற்கச் சொல்லியிருந்தாளா, அல்லது ஓட்டுநர் சில்லறைக்குக் காத்திருந்தாரா, கேட்டிருக்கலாம், கேட்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

தனக்கு வாசமே தெரியவில்லை, மூக்கு பழகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய் நின்றார். அதனாலா? சிகரெட்டை விட்டதே அவள் மூச்சுக்காகத்தான். ஒரு முறை வெள்ளையடித்தபோது அவரே அவளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டு, வாசம் போயிற்றா என்று தினமும் சுவரை முகர்ந்து பார்த்து, பிறகுதான் கூட்டிவந்தார். அவ்வளவும் தெரிந்த மனிதன், ஒரு வாரமாக அவள் வருகிறாள் வருகிறாள் என்று எண்ணிக்கொண்டே, அவள் படுக்கிற அறையில், ஜன்னலுக்கு டேப் ஒட்டி... நகக்கண் அளவு சிவப்பு நினைவிருக்கிறது, இது எப்படி நினைவில்லாமல் போகும்? மறந்துதான் போனேனா? மறந்தேன் என்று சொல்லிப் பார்த்தார், வாய்விட்டே சொன்னார், அது பொய் மாதிரியும் கேட்கவில்லை, உண்மை மாதிரியும் கேட்கவில்லை. டேங்கில் அவருடைய முகம் நீளவாக்கில் இழுபட்டுத் தெரிந்தது. எங்கும் பெயிண்ட் வழியவில்லை, தூசி இல்லை. ஜன்னல் டேப்பை உரிக்கப் போனவர், விரலால் ஒரு முனையைத் தூக்கினார், பிறகு அழுத்தி ஒட்டிவிட்டார், இன்னும் காயவில்லை.

மனைவி இரண்டு நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டியில் மகள் வீட்டுக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை மூன்றாவது கோட் அடிக்கப்பட்டது.