மாயாண்டி டோன்

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேனேஜர் தொரையிடம் ஒரு சொல் போக வேண்டுமானால் அது தொழிற்சங்கத் தலைவர் பொன்னையாவின் வாய் வழியாகத்தான் போகும். அப்படியே பழகிவிட்டது சனம். பெரிய வாய்தான் அவருக்கு, என்ன செய்வது.

மலையில் வைத்து மாயாண்டியை, வேலை மேய்க்கும் கண்டாக்கு முதல் தடவை அடித்தபோது, "சாச்சி இல்லாம நான் என்னத்தப் பேசுறது?" என்று தலைவர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் மாயாண்டி தன் பெண்சாதி நாகலெட்சுமியிடம் சொல்லி வைத்தான்.

"அடுத்த தடவ கை வச்சான்னா நீ குறுக்க வராத. போன்ல புடி."

குவைத்திலிருந்து அவள் தங்கச்சி அனுப்பிய போன் அது. அடுத்த தடவையும் வந்தது. புருஷன் தண்ணி ஓடும் கானுக்குள் கிடந்து கெஞ்ச, கண்டாக்கின் சப்பாத்துக் கால் அவன்மேல் ஏறி இறங்க, அவள் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்று படம் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டாமல் நின்றாள்.

கண்டாக்கு முந்திக்கொண்டார். மாயாண்டிதான் தன்னை அடித்தான் என்று ஆபீசில் சொல்லிவிட்டார். விசாரணையில் தோற்றால் மாயாண்டிக்குப் பேர் வெட்டு. வேலை மட்டுமா போகும்? லயத்தில் தோட்டம் கொடுத்திருக்கும் ஒற்றைக் காம்பராவையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நாகலெட்சுமி தலைவர் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் போனை நீட்டினாள். பொன்னையா புது லேப்டாப்பைத் திறந்தார்.

"வயர் ஒன்னும் வேணாமாங்க தலைவரே?"

"புளூடூத்து. காத்துலயே வந்துரும்."

இரண்டிலும் ஒரே நம்பரை அடித்தார். திரையில் நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வந்துருச்சு. இனி ஒன் போன்ல இத வச்சிருக்காத. கண்டாக்கு பாத்தா ஒன்னயும் சேத்து வெட்டிருவான். அழிச்சிரு, எங்கிட்ட பத்தரமா இருக்கு."

தலைவரே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? தன் விரலாலேயே அழித்தாள், பைத்தியக்காரி.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறி டிரைவரின் சட்டைப் பையிலிருந்து மாயாண்டி கத்தினான். "ஐயோ, வேணாங்கய்யா... புள்ளகுட்டிக்காரன்யா..." டிரைவர் ஆற அமரப் போனை எடுத்துப் பேசி முடித்தான். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மாயாண்டி டோன். ஒனக்கும் அனுப்பவாக்கா? புளூடூத்த தொற" என்றான் டிரைவர் நாகலெட்சுமியிடம்.

அவள் நேரே தலைவரிடம் ஓடினாள்.

"ஒரு சிரிப்புக்குக் கொரல மட்டும் வெட்டி பயலுகளுக்கு அனுப்புனேன். படம் அப்புடியே இருக்கு. வெசாரணயில காட்டுறேன், போ."

அட பாவி மனுஷா. ஆனாலும் அவள் நம்பினாள். நம்பாமல் எங்கே போவாள்?

விசாரணையன்று தொரையின் மேசைக்கு முன்னால் மாயாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். புதிதாக வந்த தொரை, தமிழ் தெரியாதவர். சாட்சி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த மொழி நாகலெட்சுமிக்கு விளங்கும், பேச வராது. அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கண்டாக்கைப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லை சேர்," என்றார் சிங்களத்தில். லேப்டாப்பை அவர் கொண்டுவரவே இல்லை.

தொரை பேனையை எடுத்தார். அந்நேரம் பார்த்து, மேசைமேல் இருந்த கண்டாக்கின் போன் அடித்தது.

"ஐயோ, வேணாங்கய்யா... புள்ளகுட்டிக்காரன்யா..."

கண்டாக்கு அதை நிறுத்தவில்லை. தொரை நிமிர்ந்து பார்த்து, என்ன பாட்டு இது என்று கேட்டார்.

நாகலெட்சுமிக்கு அடக்க முடியவில்லை. "பாட்டு இல்லீங்க தொரை. எம் புருசன் அடிபட்டு அழுவுற சத்தம்" என்று கும்பிட்டாள். தொரைக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று வழக்கம்போலத் தலைவரைக் கேட்டார்.

"கூத்துப் பாட்டாம் சேர். அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம்."

தொரை சிரித்தார். மாயாண்டியின் பேரை வெட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பாவம், ஆசைப்படுகிறாள், இன்னொரு தடவை போடு என்று கண்டாக்கிடம் சொன்னார்.

கண்டாக்கு பொத்தானை அமுக்கினார். போனுக்குள் மாயாண்டி மறுபடி கெஞ்ச ஆரம்பித்தான்.