அண்ணிக்குக் கால் இருக்கிறது

என் அண்ணி சய்யோரா உஸ்பெக், ரஷ்யன், தாத்தார், இந்தி என்று எந்த மொழியில் கேட்டாலும் பாடுவாள். நடுவில் நாலு வார்த்தை பேசி அழுமூஞ்சிகளையும் சிரிக்க வைப்பாள். ஆனால் அவள் முதலில் கற்றது ஆட்டம். கல்யாணத்தின்போது அம்மா போட்ட ஒரே நிபந்தனையும் அதற்குத்தான்.

"பாடட்டும், பேசட்டும். கல்யாண வீட்ல பொம்பளைங்களுக்கு நடுவுல ஆடட்டும். டிவியில, ஊர் ஆம்பளைங்க பாக்க ஆடக்கூடாது."

அண்ணன் போதிர் தலையை ஆட்டினான். அம்மா முன்னால் அவனுக்கு வந்த ஒரே ஆட்டம் அது.

தாஷ்கண்ட் தொலைக்காட்சி நிலையத்தின் கேமராக்காரர் யெஃபிம் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் அங்கே பாடிய அண்ணியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார். கீழே கால்கள் தம் இஷ்டத்துக்கு ஆடின. மேலே கழுத்து அசைந்தது, மணிக்கட்டு சுழன்றது.

"பாட்டுல அப்படியே உருகிப் போறா" என்று அம்மா பெருமைப்பட்டாள்.

டிசம்பரில் இயக்குநர் தோஹிர் சொல்லிவிட்டார்: "புத்தாண்டு நிகழ்ச்சிக்குப் பாதி ஆள் பத்தாதும்மா. முழுசா நின்னு ஆடு. இல்லேன்னா சமர்கந்துப் பொண்ணு ஆடட்டும்."

அண்ணி புலாவுக்கு வெங்காயம் நறுக்கியபடி அழுதாள்.

"அம்மாகிட்ட நான் கேக்கட்டுமா, அண்ணி?"

"வேணாம்டி. கேட்டா பாட்டும் போயிடும்."

எங்கள் தெருவில் எங்கள் வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. அந்தச் சனிக்கிழமையும் கூடம் நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அன்ஸிரத் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்:

"ஏன் ஹோசியத்தக்கா, உங்க மருமக காலை மட்டும் காட்டவே மாட்டேங்கிறாங்களே? ஏதாவது குறையா?"

அம்மாவின் தேநீர்க் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

மறுநாள் தெருக்கோடி ரொட்டிக்கடையில் "போதிரை ஏமாத்திக் கட்டி வச்சிட்டாங்களாமே" என்று பேச்சு. திங்கட்கிழமை அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் சூடான சம்சாவோடு நிலையத்துக்கே போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

"தம்பி, என் மருமகளுக்கு ரெண்டு காலும் இருக்கு. காட்டுங்க."

தோஹிர் சம்சாவைக் கடித்தபடி யோசித்தார். "பாடுறவங்களுக்குக் கால் எதுக்கும்மா? ஆடுறவங்களுக்குத்தான் காட்டுவோம்."

அம்மா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஆடச் சொல்லித் தொலைங்க!"

புத்தாண்டு நிகழ்ச்சியில் அண்ணி ஆடினாள். அம்மா நேரில் வந்து மிரட்டிய பயமோ என்னவோ, யெஃபிம் முதல் பாதி முழுக்கக் கால்களை மட்டுமே காட்டினார். பிறகு பழக்கதோஷத்தில் பழையபடி இடுப்புக்கு மேலே போய்விட்டார்.

"பாத்தியா?" என்று அம்மா அன்ஸிரத்தின் தொடையில் தட்டினாள்.

"பாத்தேன். காலு தனியா வந்துச்சு, மூஞ்சி தனியா வந்துச்சு. அந்தக் காலு யாரோடதோ!"

மறுநாள் காலை சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அம்மா தானே முற்றத்துப் பனியைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. அன்ஸிரத் மட்டுமல்ல, முக்கு டீக்கடை ஆண்களும் கூட்டமாக நின்றார்கள். அம்மா தோய்ரா என்னும் கைப்பறையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். அவள் கொட்டுவாள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"வா மருமகளே, ஆடு."

"அத்தை, ஆம்பளைங்க இருக்காங்களே" என்றாள் அண்ணி, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

"இருக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, கால் தெரியணும்!"