விளிம்பு வரை பெட்ரோல்

அளவுக் குச்சியை விமானத்தின் இறக்கைத் தொட்டிக்குள் விட்டு எடுத்த விபெக்கா, அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பாதிக்கும் கீழே நனைந்திருக்க வேண்டிய குச்சி, தலை வரை நனைந்திருந்தது. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடியும் தலை வரை. சுற்றிப் போய் அடுத்த இறக்கையின் மூடியைத் திறந்தாள். அங்கே குச்சிக்கே வேலை இல்லை. கழுத்து வரை பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஹோல்கர்!"

அவள் போட்ட சத்தத்தில் ஓடுபாதைப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் எழும்பிப் பறந்தது. விமானச் சங்கக் கொட்டகையிலிருந்து அவள் கணவன் வாயில் பாதி ரொட்டியோடு வெளியே வந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பூகோள வாத்தியார், ஒல்லியான மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைத்தே ஐம்பத்தெட்டு வயது வரை வந்துவிட்டவர்.

"தொட்டிய நிரப்பினது யாரு?"

"நான்தான். வியாழக்கிழமை நானும் பிரேபனும் ஒரு சுத்து போயிட்டு வந்தோமில்ல? கடைசியா ஓட்டினவன் நிரப்பி வைக்கணும். சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. தொட்டியைக் காலியாக விட்டுப் போகிறவன் ஒரு பெட்டி பீர் அபராதம் வைக்க வேண்டும் என்று தலைவர் பிரேபன் போட்ட சட்டம் அது. வருஷத்தில் எல்லா நாளும் அது நல்ல சட்டம்தான். ஆனால் நாலு இருக்கை உள்ள அந்தக் குட்டி விமானம், நாலு பேரைச் சுமக்கும், அல்லது நிறைந்த தொட்டியைச் சுமக்கும். இரண்டையும் சேர்த்துச் சுமக்காது. இது அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் எட்டு வருஷமாக, "அதெல்லாம் விபெக்கா பார்த்துப்பா" என்று விட்டுவிட்டார்கள்.

அவளும் பார்த்துக்கொண்டாள். எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் கிடைக்காது, வானிலை என்ன சொல்கிறது, எல்லாம் அவள்தான். மருந்துக்கடையில் மில்லிகிராமில் புழங்குகிற கை. பெந்தகொஸ்தே விடுமுறை வந்தால் போதும், அவள் போட்டுக் கொடுத்த பாதையில் பிரேபன் ஓட்டுவார், ஹோல்கர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார், அவள் பின்னிருக்கையில் காபி ஊற்றிக் கொடுப்பாள். விமானி உரிமம் அவளிடமும் இருந்தது. அது கைப்பையில் தூங்கியது.

இந்த வருஷம் அப்படி இல்லை. ஜனவரியில், இதே கொட்டகையில், அவள் மேசையில் கையை ஊன்றிக் கேட்டுவிட்டாள். போர்ன்ஹோல்ம் தீவில் இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டு, அங்கிருந்து ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள விஸ்பி நகரத்துக்குப் போகிற கடல் வழி முழுக்க நான்தான் ஓட்டுவேன், சம்மதமென்றால் திட்டம் போடுகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். பிரேபன் கண்ணைப் பார்த்து ஸ்னாப்ஸ் சாராயக் கிண்ணத்தை உயர்த்தினார். கண்ணைப் பார்த்துக் கிண்ணம் உயர்த்திய பிறகு அந்த ஊரில் பேச்சு மாறுவதில்லை.

அன்றைக்கே அவள் வீட்டுக் குளியலறை எடைமெஷினைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்து, ஒவ்வொருவரையும் பையோடு ஏறச் சொன்னாள். "எனக்கு தொண்ணூறு. டாக்டர் எழுதியிருக்காரு" என்றார் பிரேபன். ஏறினார். பையைக் கழித்தும் நூற்று ஆறு காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், பிரேபனைத் தவிர. அந்த எடைக்குத் தகுந்தபடிதான் அவள் பெட்ரோலைக் குறைத்திருந்தாள்.

"நிரப்பாதேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"ரெண்டு மூடி மேலயும் செவப்பு டேப் ஒட்டி வெச்சிருந்தேனா இல்லையா?"

ஹோல்கரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், ஒரு சுருண்ட சிவப்பு டேப் உருண்டையோடு வெளியே வந்தது. அதைக் கீழே போடவும் அவருக்கு மனம் வந்திருக்கவில்லை. குப்பை போடக்கூடாது என்பதும் சங்கத்து வழக்கம்.

"பிரேபன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான் விபெக்கா. ஒரு மாதிரி பார்த்தான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா ஒரு மாதிரி பார்த்தான்."

விபெக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. "நான் வாய் வலிக்கச் சொன்னது உன் காதுல ஏறல. அவன் சொல்லாதது மட்டும் ஏறிடுச்சு!"

"எடுத்துடலாமே? வடிச்சுட்டா..."

"எதுல வடிப்பே? உன் காபிக் கோப்பையிலயா? இங்க இருக்கறது ஒரே ஒரு கேன், அதுலயும் புல்வெட்டி எண்ணெய். இல்ல, மூணு மணி நேரம் சும்மா வானத்துல சுத்தி எரிச்சுட்டு வரவா? மத்தியானம் மழை மேகம் இங்க வந்து உக்காரும். அதுக்கு முன்னாடி கிளம்பலன்னா இந்த வருஷம் கிடையாது. தெரியுமில்ல?"

தெரியும் என்பதுபோல ஹோல்கர் புல்லைப் பார்த்தார்.

உள்ளே பிரேபன் கொடியேற்றிவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கெர்டா ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் பின்னிருக்கையில் வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். விபெக்கா விஷயத்தைச் சொன்னதும் பிரேபன் சிரித்தார்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ எஞ்சின்தான் கழண்டு விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். எவ்வளவு அதிகம்?"

"எண்பத்தாறு கிலோ."

"சரி விடு. நீயும் கெர்டாவும் கார்ல போயிடுங்க. பாலத்தைத் தாண்டினா ஸ்வீடன், அப்புறம் கப்பல். ராத்திரி விஸ்பியில எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். கப்பல்ல மீனும் நல்லாருக்கும்."

"நாங்க ரெண்டு பேரா? எண்பத்தாறு கிலோ எறக்கறதுக்கு ரெண்டு பேரா?"

"நீங்கதான் சின்ன ஆளுங்களாச்சே. ஒருத்தர் பத்தாதே" என்று பிரேபன் கணக்கை நியாயமாக விளக்கினார்.

விபெக்கா ஹோல்கரைப் பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்தாள் என்பதுதான் பின்னால் நினைத்தபோது அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஹோல்கர் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷம் நீ ஓட்டிக்கோயேன், விபெக்கா."

விபெக்கா கோட்டு மாட்டுகிற இடத்தின் அடியில் ஜனவரியிலிருந்து கிடந்த எடைமெஷினைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து பிரேபனின் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஏறு."

"என்னம்மா இது, காலங்காத்தால..."

"பையையும் எடுத்துக்கிட்டு ஏறு. ஹோல்கர் பையோட எண்பது. அவன் இங்கயே நின்னுட்டாலும் பத்தாது. நான் நின்னாலும் பத்தாது. கெர்டா நின்னாலும் பத்தாது. இந்த அறையில ஒரே ஒரு ஆள் நின்னா போதும், மத்த மூணு பேரும் போகலாம். அது யாருன்னு உனக்கே தெரியும். அதான் ஏறமாட்டேங்கறே."

பிரேபனின் முகம் சிவந்தது. "நான் நின்னுட்டா கடல் மேல யாரு ஓட்டறது?"

"நான்! ஜனவரியில கண்ணப் பார்த்துக் குடிச்சியே, அதுக்கு என்ன அர்த்தம்? சும்மா தொண்டை வறண்டுச்சா? எட்டு வருஷம் வழி போட்டுக் குடுத்தது நான். விமானம் மூணு நாளைக்கும் என் பேர்ல பதிவாகியிருக்கு. நான் போட்ட வழியில நான் கப்பல்ல போகணும், நீ பறக்கணும். அப்படித்தானே?"

"இந்தச் சங்கத்துக்கு நான் தலைவன்" என்றார் பிரேபன், குரலை இறக்கி.

"சங்கத்துக்கு இரு. மேகத்துக்கு நீ தலைவன் இல்ல. எடைக்கும் இல்ல."

வெண்ணெய்க் கத்தி தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கெர்டா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஆரஞ்சு மிதவைச் சட்டை ஒன்றை எடுத்துத் தலைவழியாக மாட்டினாள்.

"நீ எங்க போறே?" என்றார் பிரேபன்.

"விஸ்பிக்கு. முன் சீட்டுல."

"உனக்குத்தான் கடல்னாலே பயமாச்சே?"

"கடல்னு யாரு சொன்னா? நீ பின்னாடி திரும்பித் திரும்பிக் கதை பேசிக்கிட்டே ஓட்டுவே பாரு, அதுதான் பயம். இருபது வருஷமா நான் உன் பிடரியப் பார்த்து, முன்னாடி பாரு, முன்னாடி பாருன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டே வந்திருக்கேன்." கெர்டா இடுப்புப் பட்டையை இறுக்கினாள். "இந்த ரொட்டிய எடுத்துக்கட்டுமா விபெக்கா?"

"எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

விபெக்கா வெளியே நடந்துகொண்டே போனில் பயணத் தகவலை மாற்றிச் சொன்னாள்: இரண்டு பேர், போர்ன்ஹோல்மில் இறங்கவில்லை, நேராக விஸ்பி. ஹோல்கர் பின்னாலேயே ஓடி வந்தார். கையில் அவருடைய பை. மூச்சு வாங்கியது.

"விபெக்கா, நானும் வரலாமில்ல? பிரேபன் நிக்கறான்னா எடை சரியா வருதே. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"வருது" என்றாள் விபெக்கா. இறக்கை மூடிகளை மூடி, ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்தாள். "எடை சரியாத்தான் வருது."

"அப்ப ஏறட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

அவள் கொட்டகைப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். வாசற்படியில் பிரேபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு மாதிரி பார்க்கறான் பாரு."

ஹோல்கர் திரும்பிப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்திலும் அவர் திரும்பித்தான் பார்த்தார். அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் விபெக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

புல்லில் உதறி உதறி ஓடிய விமானம், வேலிக்கு நிறைய தூரம் முன்னாலேயே தரையை விட்டது. கீழே இரண்டு ஆண்களும் ஒரு கொடியும் சிறுத்துப் போனார்கள். சந்தோஷம் வரும் என்று விபெக்கா நினைத்திருந்தாள், வரவில்லை. எட்டு வருஷக் காபி தொண்டையில் நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன், ஒரே ஒரு வார்த்தை, என்று எஞ்சின் இரைச்சலுக்குள் உரக்கத் திட்டினாள். கெர்டா காதில் விழுந்தும் விழாததுபோல முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நேரம் போனது. மேகம் பின்னால் மேற்கிலேயே தங்கிவிட்டது. பால்டிக் கடலில் வலப்பக்கம் போர்ன்ஹோல்ம் பச்சையாகக் கிடந்தது, ஓடுபாதைகூடத் தெரிந்தது. கெர்டா ரொட்டியை நீட்டினாள்.

"பெட்ரோல் போட இங்க இறங்கறதா இருந்துச்சே. இறங்காம போயிடலாமா?"

விபெக்கா முள்ளைப் பார்த்தாள். இரண்டு தொட்டியிலும் பாதிக்கு மேல் நின்றது.

"போயிடலாம். எனக்காக ஹோல்கர் பண்ணினது இது ஒண்ணுதான்" என்றாள். ரொட்டியைக் கடித்தாள். தீவு இறக்கைக்கு அடியில் நழுவி மறைந்தது. முன்னால் கடல் மட்டும் இருந்தது, அதன் மேல் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.