நீலச் சாயம் போட்ட மூட்டைகள்

அமெரிக்கா யாரோடு சேரும், ரஷ்யா யாரோடு சேரும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் நியாய அநியாயத்தை வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. 1971 டிசம்பரில் அரை நாள் நானே அப்படி ஆள் பார்த்துச் சேர்ந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுக்கு நான் மூப்பன். எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். கிடங்கின் பின்வாசலில் காயல். வள்ளம் அங்கேயே வந்து நிற்கும், மூட்டையை ஏற்றிவிட்டால் துறைமுகத்துக் கப்பலுக்குப் போய்விடும். ரஷ்யாவுக்குப் போகிற மூட்டையில் சிவப்புச் சாயம், அமெரிக்காவுக்குப் போகிறதில் நீலம். இங்கிலீஷ் எழுத்து எங்களுக்குத் தெரியாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் தமிழ். சாயத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவோம்.

அப்போது சண்டை தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. என் மகன் செல்லதுரை ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். நவம்பர் கடைசியில் கல்கத்தாவுக்கு என்று கிளம்பிய கப்பல். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

அன்று காலையில் பஷீர் பத்திரிகையோடு வந்தான். எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவன் அவன்தான். மலையாளத்தில் வாசித்துத் தமிழில் சொல்வான்.

“அமெரிக்காக்காரன் பெரிய போர்க்கப்பலை அனுப்பிட்டான் மூப்பா. வங்காளக் கடலுக்கு வருதாம். அதுமேல எழுபது எண்பது விமானம் நிக்குமாம்.”

“எதுக்காம்?”

“அங்க மாட்டிக்கிட்ட அவன் ஆளுகளைக் கூட்டிட்டுப் போகவாம்.”

“ஆளைக் கூட்டிட்டுப் போக எண்பது விமானமா? நம்ம வள்ளம் போதாதா?”

யாரும் சிரிக்கவில்லை. வங்காளக் கடலில் என் மகன் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பஷீர் பத்திரிகையை மடித்து மூட்டை மேல் வைத்தான்.

“நம்ம ஊர்லயும் ஓட்டு, அவன் ஊர்லயும் ஓட்டு. நம்மளை விட்டுட்டுப் பட்டாளத்துக்காரன் ஆளுற பாக்கிஸ்தானோட சேர்ந்திருக்கானே, புத்தி கெட்டுப்போச்சா அவனுக்கு?”

“நல்லாத்தான் இருக்கு புத்தி. அவனுக்குச் சீனாக்காரனோட பேசணும். அந்த வீட்டுக்குப் போற சந்து பாக்கிஸ்தான் கையில இருக்கு. சந்து யாரு கையில இருக்கோ அவன்தான் சொந்தக்காரன்.”

“அப்ப ரஷ்யா? ஆகஸ்ட்ல நம்மளோட ஒப்பந்தம் போட்டுச்சே. அது சிநேகம்தானே?”

“சீனாவோட அவனுக்கு எல்லைத் தகராறு. சீனாவுக்கு இந்தப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். நம்ம மூஞ்சி அழகைப் பாத்தா வந்தான்?”

“உங்களுக்கு யாரையும் பிடிக்காது மூப்பா.”

“பிடிக்கிறது வேற, நம்புறது வேற.”

“என்னவும் இருக்கட்டும். நீல மூட்டையை இன்னைக்கு எவனும் தொடப்போறதில்ல.”

இருநூற்று இருபது நீல மூட்டை அட்டி போட்டு அடுக்கி நின்றது. மாலைக்குள் கப்பலேற வேண்டிய சரக்கு. தொட வேண்டாம் என்று நானும்தான் சொன்னேன். கோபம் எனக்கும் இருந்தது.

பதினொன்றரைக்குக் கப்பல் ஆபீசுக்குப் போனேன். வாசலில் ஒரு கரும்பலகை. அவர்கள் கையில் இருக்கிற கப்பல்களின் பெயரை அதில் எழுதி வைப்பார்கள். செல்லதுரை கப்பலின் பெயரை நான் படம் மாதிரி மனசில் வைத்திருந்தேன். மூன்றாவது எழுத்து ஏணி போல நிற்கும். தினமும் போய் அந்த ஏணியைப் பார்த்துவிட்டு வருவேன்.

அன்று அந்த வரி இல்லை. துணியால் துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. மற்ற பெயர்கள் அப்படியே இருந்தன. இரண்டு வருஷம் முன்பு புயலில் ஒரு கப்பல் முங்கியபோது இதே மாதிரிதான் அதன் பெயரை மட்டும் துடைத்தார்கள். படியேறி உள்ளே போனேன்.

கிளார்க்கு நீலகண்டன் இருந்தார். பாலக்காட்டுக்காரர். எங்கள் நீல மூட்டைக்கும் காகிதம் பார்ப்பவர் அவர்தான்.

“சாரே, பேரை அழிச்சிருக்கே?”

“பம்பாய்லேர்ந்து அழிக்கச் சொல்லித் தந்தி வந்தது. ஏன்னு எழுதலை. கேட்டிருக்கேன். செத்த உக்காரும்.”

நான் உட்காரவில்லை. ஒரு சுமட்டுக்காரனுக்காக இவர் ஏன் பம்பாயில் கேட்க வேண்டும்? சும்மா ஒருத்தன் எனக்கு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

“சாரே, நீல மூட்டை இருநூத்தி இருபதும் நாலு மணிக்குள்ள வள்ளத்துல இருக்கும். நீங்க ஒரு போன் போட்டுடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மூட்டையா? ஏறினா நல்லதுதான்” என்றார்.

பேரம் படிந்துவிட்டது என்று கிடங்குக்கு ஓடினேன்.

“நீலத்தை எடுங்கடா.”

பஷீர் எழுந்து வந்தான். “காலையில சொன்னது என்னாச்சு?”

“என் மகன் கப்பல் பேரைத் துடைச்சிருக்கு. போன் அந்த ஆள் கையில இருக்கு.”

பதினெட்டுப் பேரும் என் பக்கம் நின்றவர்கள். அவர்களைத் தள்ளிவிட்டு, போன் இருக்கிற ஆளோடு சேர்ந்துவிட்டேன். அது எனக்கே தெரிந்தது.

“அப்ப நம்ம மூப்பனும் அமெரிக்காதான்” என்றான் பஷீர். சொல்லிவிட்டுத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் மூட்டைக்கு அவனே குனிந்தான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள்.

இரண்டரை மணிக்கு, நூற்று நாற்பது மூட்டை ஏறியிருந்தபோது, நீலகண்டன் குடையைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டார். என்னைத் தூணுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“வீரபாண்டி, கப்பல் கல்கத்தாவுக்குப் போகவே இல்லை. மெட்ராஸ்ல நிக்கறது. சர்க்கார் எடுத்துண்டுடுத்து, பட்டாளத்துச் சாமான் ஏத்த. எங்கே இருக்குன்னு வெளியில தெரியப்படாதுன்னு பேரை அழிக்கச் சொல்லியிருக்கா. ஆள் அத்தனை பேரும் சௌக்கியம். யார்கிட்டேயும் சொல்லாதேயும்.”

நான் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பஷீர் சாயா கொண்டுவந்து கையில் கொடுத்தான், அதைக் குடிக்கவும் தெரியவில்லை.

“போன் எப்ப சார் போட்டீங்க?”

“காலம்பற தந்தி வந்த உடனே டிரங்க் கால் புக் பண்ணிட்டேன். அந்தக் கப்பல்ல இந்த ஊர்ப் பசங்க நாலு பேர் இருக்காளே. கேட்டிருக்கேன்னு உம்மகிட்டே சொன்னேனே. நீர் மூட்டை மூட்டைன்னு ஏதோ சொன்னீர். அது என்னன்னு எனக்கு இன்னும் புரியலை.”

அவர் குடையோடு போய்விட்டார். மகன் சுகம் என்று மட்டும் கூட்டத்துக்குச் சொன்னேன். போன் பேச்சைக் கேட்டிருந்த பஷீர் இடுப்பில் கை வைத்து நின்றான்.

“அப்ப ஏத்தினதை இறக்கிடலாமா மூப்பா?”

“இறக்கினா அதையும் நாமதான் சுமக்கணும்.”

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

“மிச்சம் எண்பது?”

“அது உங்க இஷ்டம்” என்றேன்.

அந்த எண்பதை அவர்கள் தொடவில்லை. மறுநாள் டாக்காவில் பாக்கிஸ்தான் பட்டாளம் சரணடைந்தது. அதற்கு அடுத்த நாள் பஷீரே அவற்றை வேறு கப்பலுக்கு ஏற்றச் சொன்னான்.

அன்று மூன்று மணிக்கே வீட்டுக்குப் போனேன். மருமகள் பாக்கியலக்ஷ்மி மரவள்ளிக் கப்பை அவித்து இறக்கிக்கொண்டிருந்தாள். வேளை கெட்ட நேரத்தில் என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. பலகையில் பெயர் அழிந்ததை அவளிடம் சொல்லவில்லை.

“செல்லதுரை சுகமா இருக்கான். கரைப் பக்கம்தான் நிக்கிறான். எந்த ஊருன்னு கேக்காதே.”

பானையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். “யாரு மாமா சொன்னா?”

“கப்பல் ஆபீஸ் கிளார்க்கு.”

“ஆபீஸ்காரன் பேச்சை நம்பாதேன்னு நீங்கதானே சொல்வீங்க.”

“இதை நம்பலாம். இதைச் சொல்றதுல அவருக்கு ஒரு காரியமும் ஆகப்போறதில்ல.”

அவள் தட்டை எடுத்து வைத்தாள். இரண்டு தட்டுக் கப்பை சாப்பிட்டேன்.