மாலைக்குள் வெளியேறுங்கள்

கணவரின் காலடியில் போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் அந்தப் பெண்ணைக் கவனித்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உடலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அலமாரியில் கிடந்த அவருடைய போனையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் திறந்த லேப்டாப் வேறு.

"என்னம்மா, ஆபீசா?"

"ஆமாக்கா. சாரோட அசிஸ்டென்ட்." பெண் குரலைத் தாழ்த்தினாள். "யூனிவர்சிட்டி பூரா ஒரே பெரிய கம்ப்யூட்டர்லதான் வேலை பாக்குது. அது இன்னிக்கு சாயங்காலம் தானா ரீஸ்டார்ட் ஆகும். சார்தான் செட் பண்ணி வச்சார். சேவ் பண்ணாம உள்ள இருந்தா எல்லாம் போயிடும். ஒரு பொண்ணு மாசக்கணக்கா ஒரு கணக்கை ஓட்டிக்கிட்டிருக்கா."

"நிறுத்த முடியாதா?"

"சார் பாஸ்வேர்ட் இல்லாம முடியாதுக்கா."

"அப்ப நீ எல்லாருக்கும் சொல்லிடு."

"சொன்னேன். நோட்டீஸ் எப்பவும் சார் போன்லருந்துதான் வரும், அதனால சார் சொல்லட்டும்னு உட்கார்ந்திருக்காங்க. அவர் இல்லைன்னு எழுதினா நம்புவாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதை எழுத எனக்குக் கை வரலக்கா."

அவள் கணவரின் போனை எடுத்தாள். பூட்டே போடாத போன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வீட்டில் வளையவந்த மனுஷன், எப்போதாவது ஒருநாள் எதையோ தட்டித் தட்டித் தனக்குள் சிரித்துக்கொள்வார். கேட்டால், "ஆபீஸ் நோட்டீஸ்" என்பார். நோட்டீசில் என்ன சிரிப்பு என்று அவளுக்குத் தலையே வெடித்துவிடும். எடுத்துப் பார்க்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை.

இப்போது பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்தாள்.

'அன்பர்களே, மாலையில் நம் இயந்திரத்தை நிறுத்தித் திரும்பக் கிளப்பப் போகிறேன். வேலையைச் சேமித்துவிட்டு நல்ல பிள்ளைகளாக வெளியேறுங்கள். அப்புறம் கணக்குப் போச்சே என்று என்னிடம் வந்து அழக்கூடாது. ஆறுதல் சொல்வது என் வீட்டுக்காரிக்குத்தான் கைவந்த கலை. எனக்கு வராது.'

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஊருக்கெல்லாம் சொன்னவர் தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று கோபமும் வந்தது.

"புருஷனைக் கிடத்திட்டு போனை நோண்டறா பாரு," என்று முணுமுணுத்தாள் நாத்தனார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடியற்காலை மாரடைப்பில் அவர் போனதிலிருந்து அந்தச் செய்தியை அவள் தன் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாருக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். இப்போது அவருடைய நோட்டீசுக்குக் கீழேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

'நான் அவருடைய மனைவி. அவர் இன்று காலை இறந்துவிட்டார். இயந்திரம் மாலையில் நின்று திரும்பக் கிளம்பும். வேலையைச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள்.'

ரொம்பக் கறாராக இருக்கிறதோ என்று தோன்றியது. 'வெளியேறுங்கள்' என்பதற்கு முன்னால் 'நல்ல பிள்ளைகளாக' என்று சேர்த்து அனுப்பினாள்.

பெண் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மறைந்தது. பிறகு ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தன. நாத்தனாரும் மெல்ல நகர்ந்துவந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணும் சேவ் பண்ணிட்டுப் போயிட்டாக்கா!"

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அவள் அதை மறுபடியும் படித்தாள். அவருடைய பெயர்.

"நேத்து இதுலேர்ந்து வெளிய வராம அப்படியே வீட்டுக்குக் கிளம்பிட்டார் போலக்கா," என்றாள் பெண். "சார் ரூம் கம்ப்யூட்டரை அணைச்சா இதுவும் போயிடும். ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லட்டுமா?"

"வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்."

பெண் தலையாட்டிவிட்டு எழப் போனாள்.

"மூடிடாதேம்மா," என்றாள் அவள். "இப்படி என் பக்கத்துல வை."